பேத்திக்குத் துட்டி

எங்கள் மதினிக்குச் சண்டை போடத் தெரியாது. உட்காரத்தான் தெரியும்.

வாயில்லாப் பூச்சி போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சண்டைக்காரியை எப்படியும் சமாளித்துவிடலாம். அவள் கத்தினால் நாமும் கத்தலாம், அழுதால் தேற்றலாம், மண்ணை வாரித் தூற்றினால் தெருவே நமக்காகப் பரிந்து பேசும். ஒன்றும் செய்யாமல், நியாயம் கிடைக்கிறவரை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டவளை என்ன செய்ய முடியும்? என் அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருஷமே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது விளங்கிவிட்டது.

நாங்கள் தென்காசி. மதினிக்குப் புளியறை, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரம். வந்த புதிதில் நானும் அவளும் மேலகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பஸ்ஸில் போனோம். குற்றாலம் போகிற பஸ். சீசன் நேரம், மூச்சு விட இடமில்லை. மேலகரத்தில் நிறுத்துகிறேன் என்று சீட்டுக் கொடுத்த கண்டக்டர், நிறுத்த மறந்து, எங்களைக் குற்றாலத்தில் கொண்டுபோய் விட்டான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மதினி இறங்கவில்லை.

"எம்மா, குத்தாலம் வந்தாச்சு. எறங்குங்க."

"மேலகரம் வரட்டும், எறங்குதோம்."

"அது தாண்டியாச்சும்மா."

"தாண்டுனது நானா, நீங்களா?"

கண்டக்டர் டிரைவரைக் கூப்பிட்டான். டிரைவர் வந்து பார்த்துவிட்டு பீடி பற்ற வைக்கப் போய்விட்டார். எனக்கு மானம் போனது. கொஞ்ச தூரம்தானே மதினி, சாரலில் நடந்து போய்விடலாம் என்று அவள் முந்தானையை இழுத்தேன். "நடக்கதுக்கு நான் சீட்டு வாங்கல" என்றாள். பஸ் திரும்பியபோது எங்களை அதே இடத்தில் வைத்துக்கொண்டுதான் திரும்பியது, மேலகரத்தில் நின்றது. இறங்கும்போது கண்டக்டரிடம், "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்று மனசாரச் சொல்லிவிட்டு இறங்கினாள். கேலியே இல்லை. கோபமே இல்லாமல் ஒருத்தி எப்படி இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்க முடியும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கெல்லாம் கோபம் மூக்குக்கு மேலே வரும், வந்த வேகத்தில் போய்விடும், காரியம் ஒன்றும் நடக்காது.

அடுத்த சீசனில் குற்றாலத்துப் பேரருவி. எந்த ஊர்ப் பெரிய வீட்டாரோ காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் குளித்து முடிக்கும்வரை மற்றப் பெண்கள் எல்லாம் ஒதுங்க வேண்டும் என்று ஒருத்தன் வெளியே நின்று கம்பைத் தட்டிக் கத்தினான். ஈரச் சேலையோடு முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டோம். முதல் ஆளாக வந்தவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மதினி மட்டும் அருவிக்கு அடியில் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். கம்புக்காரன் பெண்கள் பக்கம் வர முடியுமா? அந்த வீட்டு அம்மாள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் மதினிக்குப் பக்கத்தில் தலையை நீட்டினாள். அதைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருத்தியாக உள்ளே திரும்பினோம்.

அதற்குப் பிறகு மதினி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். "உனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்காட்டி?" என்று திட்டிக்கொண்டே அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தாள். "அருவி மலையில இருந்துல்லா அத்தை வருது" என்றாள் மதினி, பல் கிட்டிக்கொண்ட வாயோடு. "அவுக வீட்டு மொட்டைமாடியில இருந்தா வருது?"

அறுபதுகளில், அவளும் நானும் பிள்ளைகுட்டிக்காரிகள் ஆன பிறகு, தென்காசித் துட்டி வீடுகளில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. செத்த வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். வாசல் பந்தலில் செத்தவரின் மகன்களும் பங்காளிகளும் வரிசையாக உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டியிருப்பார்கள். வருகிற ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். பேச்சு கிடையாது. பெண்கள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். செத்தது வயசாளி என்றால் அந்த அழுகையும் பாதிதான். பேரன் பேத்தி எடுத்தவர், கல்யாணச் சாவு என்று சொல்லிக் கொட்டும் வேட்டுமாகக் கொண்டுபோவார்கள்.

மதினி அந்த மாதிரி வீட்டுக்குள் நுழைந்தால் அழுகிற கூட்டத்தில் போய்ச் சேர மாட்டாள். "பேரன் பேத்தியெல்லாம் எங்கன இருக்காவ?" என்று கேட்பாள். அவர்களை யாரும் எந்த வரிசையிலும் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். காப்பி கொடுத்துக்கொண்டோ, பெஞ்சு தூக்கிக்கொண்டோ எங்காவது நிற்பார்கள். தேடிப் போய் அவர்கள் கையைத்தான் முதலில் தொடுவாள். குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டில், பட்டாளத்திலிருந்து லீவில் வந்த பேரன், ஆறடி ஆள், மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றுகொண்டிருந்தான். மதினி கையைத் தொட்டதும் அவன் அழுத அழுகையில் வெளியே வேட்டுப் போடுகிறவன் நிறுத்திவிட்டான். எண்பத்தஞ்சு வயசு ஆளுக்கு இவ்வளவு அழுகையா என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார்.

"வயசான தாத்தான்னா பாதியாவா போறாவ?" என்றாள் மதினி. "முழுசாத்தான போறாவ."

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படுகிற பங்கு இல்லை.

மதினிக்குச் சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். வளர்த்தது தகப்பனைப் பெற்ற தாத்தா. கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒரு தடவை பேத்தியைப் பார்க்கத் தென்காசிக்கு வருவார். கையில் ஏத்தங்காய் வற்றல் பொட்டலம் இருக்கும், நேந்திரங்காயை அவர் ஏத்தங்காய் என்பார். அந்தப் பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருக்குமே, பேத்தியை "மோளே" என்றுதான் கூப்பிடுவார். செங்கோட்டைச் சீமை மலையாள ராஜ்யத்திலிருந்து மெட்ராஸ் ராஜ்யத்துக்கு மாறிய சமயத்தில், "இருந்த எடத்துல இருந்தே நாடு மாறிட்டேன் பாத்தீரா" என்று அப்பாவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மரியாதைக்குச் சிரித்தார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அவரை நினைத்ததில்லை.

என் கல்யாணம் ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம். மாப்பிள்ளைக்குக் குற்றாலம். கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் மாடி அறையில் மதினி எனக்குப் பூச்சடை தைத்துக்கொண்டிருந்தாள். பிச்சிப்பூ போதவில்லை என்று கீழே போனாள். வீட்டை ஒட்டினாற்போல ஒரு முடுக்கு, ஆள் போகிற சந்து, உண்டு. அங்கே அப்பாவின் குரல் கேட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அப்பாவுக்கு எதிரே நின்ற ஆளை எனக்குத் தெரியும். புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சாயாக் கடை வைத்திருந்தவர். மதினியின் தாத்தாவோடு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். இப்போது கல்யாண வீட்டு வாசலுக்கு வராமல் முடுக்குக்குள் நின்றார். மேல்துண்டு இடுப்பில் இருந்தது.

"விடியக்காலம் பெரியவர் தவறிட்டாவ" என்றார். "பேத்தி வந்து முகம் பாக்கணும்லா, நாலு மணி வரைக்கும் எடுக்காம வச்சிருக்கோம்னு சொல்லச் சொன்னாவ."

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் சொல்லிருதேன். தாலி ஏறட்டும். நீரு யாரு கண்ணுலயும் படாம போயிரும்."

நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். மதினி பூவோடு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடியில் அவள் முகம் எனக்கு மேலே தெரிந்தது.

"என்ன பிள்ள, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? பயமா இருக்கா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தைத்துக்கொண்டே பேசினாள். "எங்க தாத்தா வருவாவன்னு பாத்தேன். கால் வீங்கியிருக்குன்னு சொல்லி விட்டாவ. எனக்குச் சின்னதுல சடை பின்னிவிட்டது அவுகதான், தெரியுமா? பக்கத்து வீட்டு அம்மைகிட்டப் போயிப் படிச்சிட்டு வந்து பின்னுவாவ. ரெட்டைச் சடைன்னா ஒண்ணு காதுக்கு மேல நிக்கும், ஒண்ணு தோளுல கெடக்கும். பள்ளிக்கூடமே சிரிக்கும். நான் அவுக்கவே மாட்டேன்."

அவள் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல மதினி. ஊசி குத்துது."

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுவிடும்போது அண்ணன் பெண்டாட்டிதான் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு கூடப் போய் அங்கே ஏற்றி வைக்க வேண்டும். துட்டி விழுந்தவள் விளக்கைத் தொடலாமா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சகுனம் சரியில்லை என்று கிளம்பிவிட்டால்? இதெல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள் என் மனசில் ஓடியது. என் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

தாலி ஏறியது. அப்பா சொல்லவில்லை. பந்தி முடிந்தது. அப்பா சொல்லவில்லை. காரில் என் பக்கத்தில் மதினி பட்டுத் துணி சுற்றிய விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலகரம் தாண்டும்போது, "மணி என்ன இருக்கும்?" என்று கேட்டாள். முன்னால் இருந்த என் புருஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டே கால்" என்றார். காரை அப்படியே திருப்பியிருந்தால் மூன்றரைக்குப் புளியறையில் இருந்திருக்கலாம். நான் மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அவள் தென்காசி திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அப்பா அப்போதுதான் சொன்னார். மறுநாள் காடாற்றுக்கு அண்ணனோடு போனாள். அங்கே இருந்தது சாம்பல். தாத்தாவை எடுக்கும் முன்னால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவது வழக்கம். பேத்தி வந்துவிடுவாள் என்று அவளுக்கும் சேர்த்து ஒரு பந்தம் கட்டி வைத்திருந்தார்களாம். கொளுத்தாத அந்தப் பந்தம் அவள் சித்தப்பா வீட்டுச் சுவரில் சாத்தியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான்.

மூன்றாம் நாள் எனக்கு மறுவீடு. நாங்கள் வந்து சேருமுன் நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு விருந்துக்கு வருகிறார்கள். அம்மா சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் கல்யாணப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, வாழைமரம் கூட வாடவில்லை. மதினி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோரைப்பாயை எடுத்து வந்து பந்தலுக்கு நடுவில் விரித்தாள். ஆண்கள் துட்டிக்கு உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டாள்.

அப்பா ஓடி வந்தார். "எம்மா, என்னது இது?"

"எனக்குத் துட்டி கேளுங்க மாமா."

"தாயி, பெரியவருக்கு எண்பது வயசு. கல்யாணச் சாவு. மகன்மாருக்கே அழுகை கெடையாது. கட்டிக் குடுத்த பேத்திக்கு என்னம்மா துட்டி?"

"நான் சண்டைக்கு வரல. எனக்குத் துட்டி கேளுங்க, எந்திரிச்சுருதேன்."

"சம்பந்தி வீட்டு ஆளுக வார நேரம்!"

"நேரம் பாத்துத்தான் மாமா உக்காந்திருக்கேன்."

அம்மா அழுது பார்த்தாள். அண்ணன் கிணற்றடியில் போய் நின்றுகொண்டான், அவன் எப்போதும் அப்படித்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தெரு கூடிவிட்டது. கல்யாணப் பந்தலில் துட்டிப் பாயா, இந்தக் குடும்பம் விளங்குமா என்று பேச்சு. மதினி கையை நீட்டியபடியே இருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. எதிர் வீட்டுப் பலசரக்குக் கடை அண்ணாச்சி, இரண்டு தடவை கடைக்குள் போய் வெளியே வந்து பார்த்தவர், மூன்றாம் தடவை வரும்போது துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசாமல் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்து தொட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்து ஒருத்தரும் வரவில்லை.

நாங்கள் வந்த குதிரை வண்டிகள் தெருமுனையிலேயே நின்றுவிட்டன. அப்பா வியர்வை வடிய ஓடி வந்து, "முடுக்கு வழியாப் பின்வாசலுக்குப் போயிருங்க, எல்லாம் தயாரா இருக்கு" என்றார். என் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "மஞ்ச காயாத தாலி. அங்கன திரும்பிக்கூடப் பாக்காத."

முடுக்கு வரைக்கும் அவள் பின்னால் போனேன். மாடிச் சன்னலுக்கு நேர் கீழே வந்ததும் நின்றுவிட்டேன். அந்தச் சாயாக் கடைக்காரர் நின்ற இடம். மாமியார் கையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தேன். பட்டுச் சேலையும் நகையுமாகப் பாயில் போய் மதினிக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"எனக்குத் தெரியும் மதினி. அந்த ஆளு சொன்னது மேல எனக்குக் கேட்டுச்சு. நீங்க சடை தைக்கையிலயே எனக்குத் தெரியும்."

மதினி என்னைப் பார்த்தாள். அண்ணாச்சிக்கும் தெருவுக்கும் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் நிழல் விழுந்தது. அப்பா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு மேல் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து மருமகளுக்கு முன்னால் கையை நீட்டினார். மதினி உடனே கையைக் கொடுத்துவிட்டாள்.

"உங்களுக்கு மக கல்யாணம் மாமா. வயித்தெரிச்சல்தான், ஆனா வெளங்குது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேல்லா இருந்த. என்கிட்டச் சொல்லியிருந்தா நான் தாலி ஏறுன பொறவுதான் போயிருப்பேன். விளக்க அத்தை எடுத்துட்டு வந்திருப்பாவ. ஒருத்தரும் என்னையக் கேக்கல."

நான் அழ ஆரம்பித்தேன். "அழாத. இன்னைக்கு ஒனக்குக் கை கெடையாது" என்றாள். "நாளைக்கு வா."

எழுந்து பாயைச் சுருட்டினாள். தலைக்கு ஊற்றிக் கொண்டையை முடிந்துகொண்டு பந்திக்கு வந்து எல்லோருக்கும் சொதி ஊற்றினாள். மாமியார் இலையில் கை வைக்காமல் எழுந்துவிட்டாள். என் புருஷன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

நாளைக்கு வா என்றால் சும்மாவா? புதுப்பெண் துட்டி வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது என்கிற ஊரில், குற்றாலத்திலிருந்து தினம் பஸ் ஏறிப் போய்த் துட்டி கேட்டு வருகிறேன் என்றால் எந்த மாமியார் விடுவாள்? முடியாது என்றாள். நான் அடுப்பங்கரை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை உட்காருகிறவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மதினி எனக்குச் சொன்னதே இல்லை. கால் மரத்துப்போகிறது, வாய் நமநமவென்கிறது. உள்ளே சாதம் வடிக்க முடியாமல் மாமியார் கத்தினாள், திட்டினாள், என் பிறந்த வீட்டை இழுத்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே வாழாவெட்டியாகியிருப்பேன். பத்து மணிக்கு, "போய்த் தொலை. குளிக்காம மட்டும் வீட்டுக்குள்ள வந்துராத" என்றாள். குற்றாலத்தில் குளிக்கவா இடமில்லை? தினமும் துட்டிக் குளியல் எனக்கு அருவியில்தான் நடந்தது.

நான் போவேன். மதினி செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதே பாயை விரிப்பாள். எதிரும் புதிருமாக உட்காருவோம். கை நீட்ட மாட்டாள். தாத்தாவைப் பற்றிச் சொல்லுவாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது மழையில் செங்கோட்டை ஆஸ்பத்திரி வரை தோளில் தூக்கி வந்தது. மலையாளத்தில் திட்டுவது, தமிழில் கொஞ்சுவது. சாயாவில் சர்க்கரை கூடப் போட்டுக்கொண்டு, வைத்தியர் கேட்டால் பேத்தி போட்டுவிட்டாள் என்று பொய் சொல்வது. அவள் வயசுக்கு வந்தபோது பெண்கள் யாரும் வீட்டில் இல்லாமல், வெட்கத்தில் தெருவுக்கு ஓடிப் போய் நின்று, "ஆராவது வாங்களேன்" என்று கத்தியது. சொல்லி முடித்ததும் எழுந்துவிடுவாள். "நாளைக்கு வா."

ஒரு நாள் அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "போதும்டி, அவளும் சின்னப் பிள்ளைதான்" என்றாள். "சின்னப் பிள்ளைன்னா நாளைக்கு வரட்டுமே, கால் வலிக்காது" என்றாள் மதினி. எனக்கும் எரிச்சல் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பஸ்ஸில் திரும்பும்போது, இவள் பெரிய ராணியா, நான் என்ன கொலையா செய்துவிட்டேன் என்று மனசுக்குள் கறுவினேன். மறுநாள் அவள் சொன்னது அந்தத் தெருவில் நின்று கத்திய கதை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனுஷரை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஏத்தங்காய் வற்றலை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன், ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசியதில்லை. அன்றைக்கு அருவியில் நின்றுகொண்டு, என் தாத்தா செத்தது போல அழுதேன்.

பதினாறாம் நாள் விசேஷம் புளியறையில். நானும் என் புருஷனும் போனோம். ஓடைக் கரையில் மொட்டை அடித்து முடித்து, வீட்டு முன்னால் ஓலைப் பந்தலில் மகன்களும் பேரன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் மதினி. இங்கே உட்காருவதற்கு என்ன பாடுபட்டாளோ, எனக்குத் தெரியாது. சித்தப்பாமார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் பேரன்கள் வரைக்கும் கையைத் தொட்டுவிட்டு, அவளிடம் வரும்போது என்ன செய்வது என்று தெரியாமல் நழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் கை அப்படியே நீட்டியிருந்தது.

நான் போய் அவள் எதிரே குனிந்தேன். என் கை எழும்பும் முன்னால் அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. வலித்தது.

"போதும்ட்டி" என்றாள். "இனிமே துட்டிக்கு வராத. சும்மா வா."

வரிசையில் இருந்து ஒரு பெரியவர், "புதுப்பொண்ண இந்த எடத்துக்குக் கூட்டியாந்திருக்காவளே, கேக்க ஆளில்லையா?" என்று சத்தமாகச் சொன்னார்.

"ஆரும் கூட்டியாரல. நானா வந்தேன்" என்றேன். கோபம் மூக்குக்கு மேலே வந்தது. இந்தத் தடவை அது போகவில்லை. மதினிக்குப் பக்கத்தில் பாயில் இடம் இருந்தது. புதுத்தாலியும் பட்டுமாக அந்த வரிசையில் அவளை அடுத்து உட்கார்ந்து, நானும் இரண்டு கையை நீட்டிக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் யாரோ ஆரியங்காவுப் பக்கத்து ஆள், எனக்குத் தெரியாதவர். மகன்கள் கையைத் தொட்டார், பேரன்கள் கையைத் தொட்டார், எங்களிடம் வந்ததும் நின்றுவிட்டார். என் தாலியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை.